வீடே புழங்கும் லேப்டாப்

கீழக்கரையில் ஒரு வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே, ஒரு லேப்டாப் இருக்கிறது. மூத்த பையன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. அவன் இப்போது சார்ஜாவில் வேலை பார்க்கிறான்; லேப்டாப் வீட்டோடு தங்கிவிட்டது. காலையில் மகள் அதில் கல்லூரி வேலை செய்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் சின்னவன் கேம் விளையாடுகிறான். மக்ரிபு தொழுகைக்குப் பிறகு உம்மா, சபுரில், அதாவது வளைகுடாவில், இருக்கும் வாப்பாவோடு வீடியோவில் பேசுகிறார். பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) தன் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப வருகிறார். விடுமுறையில் வரும் மச்சான் விமான டிக்கெட் போடுகிறார். பாஸ்வேர்டு கிடையாது. மூடியைத் தூக்கினால் திறந்துகொள்ளும்.

வேகம் குறைந்துவிட்டது என்று ஒருநாள் அதை என்னிடம் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரத்தில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். மூன்று பாஸ்போர்ட் நகல்கள், விசா, எட்டுப் பேரின் ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வீட்டுப் பத்திரம், நிக்காஹ் போட்டோக்கள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. எட்டு ஆதாரில் மூன்று அந்த வீட்டாருடையவையே அல்ல. அக்கம்பக்கத்தார் விண்ணப்பம் போட வந்தபோது விட்டுப்போனவை. பிரவுசரில் முப்பதுக்கு மேல் பாஸ்வேர்டுகள் சேர்ந்திருந்தன.

அந்த லேப்டாப்பை விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதனாலேயே யாரும் அதைப் பாதுகாக்க வேண்டிய பொருளாக நினைக்கவில்லை. ஆனால் உள்ளே கிடந்தது ஒரு குடும்பத்தின் பீரோ. பக்கத்து வீட்டுப் பீரோவின் ஒரு தட்டும் கூடவே இருந்தது.

கணினிப் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரு கணினி என்று எண்ணிக்கொண்டு எழுதப்படுகின்றன. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நான் போய்வந்த வீடுகளில் நிலைமை அப்படி இல்லை. ஒரு கணினி, பல கைகள். அதில் ஒரு கை தப்பு செய்தால் எல்லோருடையதும் போகிறது. ஆகவே நம் ஊரில் இதைத் தனி ஆளின் சாமர்த்தியமாகப் பார்க்காமல், வீட்டின் ஏற்பாடாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். யார் எதைத் தொடலாம், எது எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒருமுறை உட்கார்ந்து தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

"எங்க வீட்டுல திருட என்னண்ணே இருக்கு?" என்று கேட்கிறார்கள். கரைவலை போடுகிறவர்கள் இன்ன மீன்தான் வேண்டும் என்று போடுவதில்லை. வளைத்து இழுத்து, கரையில் கொட்டிய பிறகு தரம் பிரிக்கிறார்கள். இணையத் திருட்டும் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் பெயர் தெரிந்து யாரும் வருவதில்லை. லட்சக்கணக்கான கணினிகளைத் தானாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள், திறக்கிற கதவில் நுழைகின்றன.

நம் பக்கத்தில் பழைய கதவு ஒன்று இன்னும் திறந்தே இருக்கிறது. பென்டிரைவும் ஜெராக்ஸ் கடையும். பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவைக் கொண்டுபோகிறோம். அந்தக் கடைக் கணினியில் அன்று காலையிலிருந்து எத்தனை பேரின் பென்டிரைவ் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரியும். ஊரில் இதற்குப் பெயரே ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை அது வைக்கிறது. அதை அழுத்தினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 2008-இல் உலகம் முழுவதும் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு பயன்படுத்திய வழிகளில் பென்டிரைவும் ஒன்று. செருகியதும் தானாக ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அடைத்தது. அதற்குப் பிறகு, நாமே அழுத்தும்படி ஏமாற்றும் இந்த வகைகள் மிஞ்சின.

பிரிண்டுக்குப் பென்டிரைவே வேண்டாம், கடையின் மின்னஞ்சலுக்கு பிடிஎஃப் அனுப்பினால் போதும். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து எடுத்திருந்தால், வெளியே வருமுன் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள். முழு ஆதார் கேட்காத இடத்துக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம்; ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் நல்லவராகவே இருப்பார். அவருடைய கணினியில் என்ன ஓடுகிறது என்று அவருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

அடுத்து அப்டேட். 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவது எல்லா வீட்டிலும் வழக்கம். அதன் விலை என்ன என்பதற்கு 2017-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்ற புழு வந்தது. சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் ஃபைல்களைப் பூட்டி, திறக்க 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. யாரும் எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஓட்டை அடைக்காத கணினி இணையத்தில் இருந்தாலே போதும், புழு தானாக நுழைந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள்.

அப்டேட் வந்த நாளுக்கும் தாக்குதலுக்கும் இடையே 59 நாட்கள். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த நாட்களில்தான் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, வண்ணம் பூசி, இன்ஜினைப் பிரித்துப் போட்டு மராமத்து பார்க்கிறார்கள். ஓட்டை இருப்பது தெரிந்தும் அந்த 61 நாளைச் சும்மா விட்டுவிட்டு ஜூன் 15 அன்று கடலில் இறங்கும் படகுக்காரர் எவரையும் நான் பார்த்ததில்லை. கணினியில் அதைத்தான் செய்கிறோம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஓட்டையை அடைக்கும் அறிவிப்பே, இந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று திருடர்களுக்கும் சொல்லிவிடுகிறது. அன்றிலிருந்து அடைக்காத ஒவ்வொரு நாளும் முன்பைவிட ஆபத்தானது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி விண்டோஸ் அப்டேட்டுகள் வெளியாகின்றன; நமக்கு அது புதன்கிழமையை ஒட்டி வரும். அந்த வாரம் ஒருநாள் இரவு சார்ஜில் போட்டு, அப்டேட் ஓடவிட்டுத் தூங்கினால் வேலை முடிந்தது.

ஆனால் அப்டேட்டே வராத கணினியை என்ன செய்வது? 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை பல இன்னும் நம் வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பும் புதிய செயலியும் பழைய லேப்டாப்களில் இல்லை. அப்படிப்பட்டதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும், அப்டேட்டும் தொடர்ந்து வரும். பிரவுசர், வீடியோ அழைப்பு, தமிழ்த் தட்டச்சு, கடிதம் அடிப்பது எல்லாம் நடக்கும். லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கு அந்நியமும் அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பள்ளிக்கூடத்து லேப்டாப்பிலேயே பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். விண்டோஸ் 7-தான் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமல். வங்கி வேலையை அதில் செய்யக் கூடாது.

இனி நான் சொல்வது என் வீட்டில் நடந்தது. 2019-இல் ஒரு போட்டோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது பணம் கட்டாமல் ஓடும்படி பூட்டு உடைத்ததை, வீட்டில் ஒருவர் இறக்கினார். கல்யாண ஆல்பம் போட அவசரம். கூடவே வந்த குறிப்பில் 'நிறுவுவதற்கு முன் ஆண்டிவைரஸை அணைக்கவும்' என்று இருந்தது. அணைத்தார். கால் மணி நேரத்தில் எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் தெரியாத ஒரு வால் ஒட்டிக்கொண்டது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை. என் மகளின் முதல் ஆண்டுப் படங்கள் முழுவதும் அதில் இருந்தன. இன்றுவரை திரும்பவில்லை.

அது ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம்; ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வகை. நிறுவனங்களைவிட வீட்டுப் பயனர்களைத்தான் அது அதிகம் பிடித்தது. பரவியதும் பெரும்பாலும் கிராக், கீஜென் (போலி உரிம எண் தரும் கருவி) வழியாக. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசத் திறப்புக் கருவி ஒன்றை வெளியிட்டுப் பலரைக் காப்பாற்றியது. ஆனால் புதிய வகைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. பூட்டும் நேரத்தில் அந்த வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், எல்லோருக்கும் பொதுவான ஒரே சாவியைப் பயன்படுத்தும். அந்தச் சாவி பிறகு கிடைத்தால் ஃபைல்களைத் திறக்கலாம். சர்வர் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி. எங்கள் வீட்டில் அன்று இணையம் நன்றாக வேலை செய்தது.

ஆண்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எந்த மென்பொருளும் வீட்டுக்குள் வரக் கூடாது. இதற்கு நான் விதிவிலக்கே வைப்பதில்லை. கடிதமும் கணக்கும் போட லிப்ரே ஆஃபிஸ், படம் திருத்த கிம்ப் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. அதற்காக எங்கிருந்தோ எதையோ இறக்க வேண்டியதில்லை. 'ஃபுல் வெர்ஷன் போட்டுத் தருகிறேன்' என்று 200 ரூபாய்க்கு விண்டோஸைத் திறந்துவிடும் கருவிகளும் இதே வகைதான். என் தொழிலில் இருப்பவர்களே இதைச் செய்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வருத்தம்தான். ஆண்டிவைரஸுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்வதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காமல் வைத்திருந்தால் வீட்டுக்குப் போதும்.

ராமேஸ்வரத்தில் வீட்டையே சிறு லாட்ஜாக நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. புக்கிங் டாட் காம் அனுப்பியது போன்ற போலி மின்னஞ்சல்கள் தங்கும் விடுதிகளுக்குப் போவதாகவும், தெற்காசியாவும் குறிவைக்கப்பட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. 'உங்கள் அறையைப் பற்றி ஒரு விருந்தினர் புகார் எழுதியிருக்கிறார், பாருங்கள்' என்பது போல வரும். லிங்க்கைத் திறந்தால் 'நான் ரோபோ அல்ல' என்ற வழக்கமான சோதனை. பிறகு மூன்று அடி: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கண்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்து, எண்டர் தட்டு.

இதன் சூட்சுமம் மோசமானது. 'நான் ரோபோ அல்ல' என்பதை அழுத்திய நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்துவிடும். முதல் அடி கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிறு ஜன்னலைத் திறக்கிறது. இரண்டாவது அடி அந்தக் கட்டளையை அதில் ஒட்டுகிறது. மூன்றாவது அடி ஓடவிடுகிறது. வைரஸை நாமே நம் கையால் ஏற்றிவைக்கிறோம். கணினி அதை உரிமையாளரின் விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த வித்தைக்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் மட்டும் இல்லை. இலவசப் படம், இலவச மென்பொருள் தேடும் பையனிடமும் இதே மூன்று அடியோடு வருகிறது. எந்த உண்மையான தளமும் மனிதர்தானா என்று பார்க்க விண்டோஸ் பொத்தானை அழுத்தச் சொல்லாது. இந்த ஒரு வரியை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும்.

இப்படி உள்ளே வருபவை பெரும்பாலும் ஃபைல்களைப் பூட்டுவதில்லை. சத்தமில்லாமல் திருடிக்கொண்டு போகின்றன. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் அல்ல, டோக்கன்களும் போகின்றன. விசைப்படகு கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்குவது நமக்குத் தெரியும். மின்னஞ்சலுக்குள் நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து நுழைந்ததும், பிரவுசரிடம் அப்படி ஒரு டோக்கன் கொடுக்கப்படுகிறது. அடுத்த முறை அதைக் காட்டினாலே உள்ளே விடுவார்கள். அதைத் திருடியவன் தன் கணினியில் வைத்துக் காட்டினால், பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் வராது. 'ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லை, எப்படி மெயில் போனது?' என்று கேட்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அப்படி நேர்ந்தால் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றிப் பயனில்லை, புதியதும் திருடப்படும். வேறு சுத்தமான கணினியிலோ போனிலோ மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய டோக்கன் செல்லாமல் போகும்.

பாஸ்வேர்டு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். நீளம் முக்கியம். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால், சின்னப் பாஸ்வேர்டில் குறியீடுகளைச் செருகுவதைவிட வலு, நினைவிலும் நிற்கும். அடுத்தது, ஒரு பாஸ்வேர்டு ஒரு இடத்துக்குத்தான். ஏதோ ஒரு தளத்தில் கசிந்த பட்டியலை எடுத்துக்கொண்டு ஜிமெயிலிலும் வங்கியிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களின் அன்றாட வேலை. இத்தனையை எப்படி நினைவில் வைப்பது என்றால், ஒரு நோட்டில் எழுதி பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள். எழுதிவைக்கக் கூடாது என்று ஒரு பழைய பயம் இருக்கிறது. வேறு நாட்டில் உட்கார்ந்து திருடுகிறவன் கீழக்கரை பீரோவைத் திறக்க முடியாது. லேப்டாப்பில் 'பாஸ்வேர்டு' என்று பெயரிட்டு வைத்திருக்கும் ஃபைலைவிட அந்த நோட்டு ஆயிரம் மடங்கு மேல்.

வளைகுடா வீடுகளுக்கு மட்டும் உள்ள ஓர் ஆபத்தை அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. சபுராளி ஒருவர் ஊரிலிருந்து கிளம்பும்போது இந்திய சிம்மைக் கொண்டுபோகிறார். அங்கே போனதும் அந்த ஊர் எண்தான் பயன்படுகிறது. இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகிறது. சில மாதங்களில் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது இந்தியாவில் நடைமுறை. 2023-இல் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, எண்ணை விடுமுன் அதிலுள்ள வாட்ஸ்அப் கணக்கை நீக்கிக்கொள்ள வேண்டியது பயனர்தான் என்று நீதிமன்றம் சொன்னது. சரி, ஆனால் அந்த எண் வாட்ஸ்அப்பில் மட்டுமா இருக்கிறது? ஊர் வங்கிக் கணக்கு, ஆதார், ஜிமெயிலை மீட்கும் எண், வீட்டு லேப்டாப்பில் நுழைந்து கிடக்கும் எல்லாக் கணக்குகளும் அதையே நம்பி இருக்கின்றன. எங்கோ ஒரு ஊரில் புது சிம் வாங்கிய ஒருவர், எந்தத் தவறும் செய்யாமலே, உங்கள் ஓடிபிகளைப் பெறத் தொடங்குகிறார். அவர் நல்லவராக இருப்பது நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆகவே கிளம்புவதற்கு முன் ஒருநாள் இதற்காகவே ஒதுக்க வேண்டும். இந்திய எண்ணை வைத்துக்கொள்வதென்றால் ஊரில் யார் ரீசார்ஜ் செய்வது, எந்தத் தேதியில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விட்டுவிடுவதென்றால் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் மின்னஞ்சலிலும் எண்ணை மாற்றிவிட்டு அப்புறம் விடுங்கள். ஜிமெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக, போனிலேயே எண் உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியை வைத்துக்கொள்ளலாம். சிம் எதுவானாலும் அது வேலை செய்யும். அவசரத்துக்கு கூகுள் தரும் மாற்று எண்களைப் பிரிண்ட் எடுத்து அதே நோட்டில் ஒட்டிவைக்கலாம். மின்னஞ்சல்தான் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் தலைவாசல், அது போனால் பின்னாலேயே மற்றவையும் போகும்.

போலி வங்கித் தளங்களை அடையாளம் காண, முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்த அறிவுரை காலாவதியாகிவிட்டது. பூட்டு என்றால் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் பொருள். மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று பொருள் இல்லை. போலித் தளமும் பூட்டு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். குர்ஆன் ஓதிப் பழகியவர்களுக்கு இது எளிது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் கடைசியாக நிற்கும் பெயர் யாருடையது என்று பாருங்கள். உங்கள் வங்கியின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, கடைசியில் வேறு ஏதோ பெயர் இருந்தால் அது வங்கி இல்லை. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் வால் அது. கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள எளிது.

போனில் அழைத்து, நம் கணினியையோ போனையோ தூரத்திலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்கிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. 2022-இல் 'இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று தமிழ்நாடு முழுக்க வந்த குறுஞ்செய்திகளில் இருந்த எண்ணை அழைத்தவர்களுக்கும் இதேதான் நடந்தது. அந்தச் செயலிகள் கெட்டவை அல்ல. சென்னையில் இருக்கும் மகன் ராமநாதபுரத்து வீட்டுக் கணினியைச் சரிசெய்ய அதே செயலியைத்தான் பயன்படுத்துகிறான். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். நீங்கள் அழைக்காமல் உங்களை அழைத்தவருக்கு அந்தச் செயலி காட்டும் எண்ணைச் சொல்லவே கூடாது. ரவுட்டருக்கு ஒரே ஒரு வேலை: பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நிரல் பெட்டியோடு வரும் இத்தகைய சுமார் 60 பாஸ்வேர்டுகளை மட்டும் போட்டுப் பார்த்து லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

வீட்டின் ஏற்பாடு என்று முதலில் சொன்னேன். அதைச் செய்ய அரை மணி நேரம்தான் ஆகும். விண்டோஸில், எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமையுள்ள அட்மின் கணக்கு ஒரே ஒன்று. அதன் பாஸ்வேர்டு வீட்டில் பொறுப்பான ஒருவருக்கு மட்டும். யாரும் அதில் அன்றாடம் உட்காருவதில்லை, அந்தப் பொறுப்பாளர் உட்பட. மற்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாதாரணக் கணக்கு. அப்போது சின்னவன் எதையோ நிறுவப் பார்த்தால் கணினி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அவன் வந்து கேட்பான், அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் கணக்கின் பிரவுசரும் ஃபைல்களும் மற்றவர் கணக்கில் தெரியாது. அக்கம்பக்கத்தாருக்கு 'விருந்தினர்' என்ற பெயரில் ஒன்று. அவர்கள் போனதும் அதன் டவுன்லோட்ஸைக் காலி செய்துவிடுங்கள். லாத்தாவின் மகளுடைய ஆதார் நம் வீட்டில் தங்க வேண்டிய காரணம் இல்லை. ஃபைல் பெயரின் வாலைக் காட்டும் வசதியையும் எல்லோர் கணக்கிலும் போட்டுவிடுங்கள். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்துவைக்கும். பிடிஎஃப் டிக்கெட் போலத் தெரிவது உண்மையில் ஒரு நிரல்தானா, எக்ஸ்இ என்று முடிகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பேக்கப் இல்லாமல் இவை எதுவும் முழுமை ஆகாது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எழுதி, உடனே கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். கடற்கரையில் இன்னொரு எதிரியும் உண்டு, உப்புக்காற்று. யுஎஸ்பி முனைகள் பச்சை பூத்து வருவதை மண்டபத்திலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வரும் கணினிகளில் அடிக்கடி பார்க்கிறேன். மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டுகளோடு ஹார்ட் டிஸ்க்கை வையுங்கள். பாஸ்போர்ட், பத்திரம், பிள்ளைகளின் படங்கள் போன்ற ஈடுசெய்ய முடியாதவற்றுக்கு, வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் இன்னொரு பிரதி இருப்பது நல்லது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன கடற்கரை இது. ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் பிரதியை நான் பிரதியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், நேரம்தான் எல்லாம். முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். கணினியை ஃபார்மட் செய்ய வேண்டாம், அதில் சாட்சியம் இருக்கிறது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய உதவி மையம் இப்போது இந்த எண்ணில் இயங்குகிறது. புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்கும், அது போய்ச் சேர்ந்த வங்கிக்கும் தகவல் போகும். திருடன் எடுக்குமுன் பிடித்தால் பணம் அங்கேயே நிறுத்தப்படும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. வங்கிக்கும் தனியாக எழுத்தில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால்கூட, புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வெட்கப்பட்டு ஒருநாள் தள்ளிப்போடுகிறவர்கள் இழப்பது இந்த உரிமையைத்தான்.

1930 இந்தியாவுக்குள் அழைக்கும் குறுகிய எண். வளைகுடாவில் இருப்பவர் கணக்கில் பணம் போனால், அவர் அங்கிருந்து அதை அழைக்க முடியாமல் போகலாம். ஊரில் இருக்கும் உம்மாவோ மனைவியோதான் அழைக்க வேண்டியிருக்கும். அப்போது அவர்கள் கையில் கணக்கு எண், வங்கிக் கிளை, பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் இருக்க வேண்டும். வாப்பா ஊரில் இருக்கும் நாளிலேயே கணக்கு எண்ணையும் கிளையையும் அந்தப் பீரோ நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தின் தலைப்பில் 1930 என்று பெரிதாகப் போட்டுவையுங்கள்.